பழனிக்குப் படியேறித்தான் போக வேண்டுமா?

ஜனவரி 6, 2024

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வின்ச்சிலோ ரோப்காரிலோ போய்ச் சாமி கும்பிட்டால் பழனிக்குப் போன கணக்கில் சேராது என்று என் மாமியார் சொல்கிறார். அவருக்கே எழுபது வயது ஆகிறது. தைப்பூசக் கூட்டம் குறைந்த பிறகு அழைத்துப் போகலாம் என்று இருக்கிறோம். படியேறித்தான் ஆக வேண்டுமா?” (வின்ச் என்பது இரும்புக் கயிறு இழுத்து மலைமேல் ஏற்றுகிற, ரயில் பெட்டி மாதிரியான வண்டி.)

உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. படிதான் பழனி. ரோப்காரில் மூன்று நிமிடத்தில் மேலே போய், வரிசையில் நின்று, கும்பிட்டுவிட்டு, அடுத்த மூன்று நிமிடத்தில் கீழே வந்து சாப்பாட்டுக் கடையைத் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் தாங்காது. அந்த மலை அவ்வளவு அவசரமாகக் கடந்துபோகிற இடம் அல்ல.

என் தாத்தா, அம்மாவின் அப்பா, வருடத்துக்கு இரண்டு முறை எங்களைத் திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் அழைத்துப் போவார். பாத விநாயகர் முன்னால் சிதறுகாய் உடைத்துவிட்டு, மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வார். அதன்பிறகு பேச்சே கிடையாது. நாங்கள் உட்காரலாமா என்று கேட்டால், இடும்பன் சந்நிதி வரட்டும் என்பார். இடும்பன் சந்நிதி வந்ததும் அவரே முதலில் உட்காருவார். “ஏறுகிற படியை எல்லாம் முருகன் கணக்கில் வைத்திருப்பான்” என்பது அவர் வாக்கு. அந்த ஒரு வாக்கை வைத்துக்கொண்டு நாற்பது வருடமாக ஏறிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 6, இரவு

எழுத விட்டது. மலையேறுவதற்கு முன் அடிவாரத்தில் திருவாவினன்குடிக்குப் போய்விடுங்கள். அங்கே குழந்தை முருகன் மயில்மேல் அமர்ந்திருப்பான். அதைப் பார்க்காமல் நேரே மலைக்கு ஓடுகிறவர்கள்தான் இப்போது அதிகம். மேலே போனதும் இடும்பன் மலை பின்னால் தெரிகிற மாதிரி குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெகுநாள் வைத்திருந்து பார்க்கலாம்.

ஜனவரி 7

மேலே சொன்ன படம் எடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். மலைக்கோவிலுக்குள் கைபேசி, கேமரா கொண்டுபோக 2023 அக்டோபர் 1 முதல் தடை இருக்கிறது என்று இருவர் நினைவுபடுத்தினார்கள். கீழேயே கொடுத்துவிட்டுச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நான் கடைசியாகப் போனது அதற்கு முன்பு. தவறான யோசனை சொன்னதற்கு மன்னிக்கவும்.

ஆனால் அந்தத் தடை வந்தது நல்லதற்குத்தான். சந்நிதிக்கு நேர் எதிரே நின்றுகொண்டு கையைத் தலைக்குமேல் தூக்கிப் படம் எடுத்தவர்களால் பின்னால் நின்ற குழந்தைகளுக்குச் சாமியே தெரியாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 7, மாலை

“திருவாவினன்குடி துணைக்கோவில்தானே, மலைதானே மூன்றாம் படைவீடு?” என்று ஒருவர். இதை விட்டுக்கொடுக்க முடியாது. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் சொல்லும் மூன்றாம் படைவீட்டின் பெயர் ஆவினன்குடி. அந்தப் பெயரைத் தாங்கி நிற்பது அடிவாரத்துக் கோவில். மலைமேல் இருக்கும் தண்டாயுதபாணிக்கு அதனால் எந்தக் குறைவும் இல்லை. கீழும் மேலும் சேர்ந்ததுதான் பழனி. திரு என்ற இலக்குமி, ஆ என்ற காமதேனு, இனன் என்ற சூரியன், கு என்ற பூமி, டி என்ற அக்கினி ஆகியோர் வழிபட்ட தலம் என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். ஆவியர் குடி ஆண்ட ஊர் என்பது இன்னொரு விளக்கம். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் அந்தக் குடியில் வந்தவன், வையாவிக் கோப்பெரும் பேகன். ஊருக்கு நடுவே கிடக்கும் வையாபுரிக் குளத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவன் ஞாபகம்தான். எனக்கு இரண்டாவது விளக்கம்தான் பிடிக்கும். குளிரில் நடுங்குகிறது என்று நினைத்து ஒரு மயிலுக்குப் போர்வையைக் கொடுத்தவனின் ஊரில் மயில்வாகனன் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்றால் அதற்குமேல் என்ன வேண்டும்?

ஜனவரி 9

படிகள் எத்தனை என்று கேட்டவருக்கு: 693 என்று சொல்வது வழக்கம். 697 என்றும் சொல்வார்கள். என் அண்ணன் மகள் இரண்டு முறை எண்ணினாள். ஒருமுறை 671 வந்தது, இன்னொரு முறை எழுநூறைத் தாண்டிவிட்டது. இடையிடையே சாய்தளமும் சமதளமும் வருகின்றன. மண்டபத்துப் படியைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற சிக்கல் வேறு. யாராவது காவடியோடு “அரோகரா” என்று பின்னால் வந்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்கினால் எண்ணிக்கை போய்விடும். எண்ணிக்கொண்டு ஏறினால் களைப்புத் தெரியாது என்பதற்காகவாவது குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள்.

கால் வைக்கும் இடத்தைப் பார்த்து ஏறுங்கள். படிபூஜை செய்கிற பெண்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் தடவி, குங்குமம் இட்டு, சூடம் ஏற்றிக்கொண்டே போவார்கள். குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து, உச்சிவரை. சூடம் எரிந்த இடத்தில் கல்லின்மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கருவட்டம் விழுந்திருக்கும். நேற்றைய வட்டத்தின்மேல் இன்றைய வட்டம். அதில் மஞ்சள் நீரும் பட்டுவிட்டால் வழுக்கும். வயதானவர்கள் ஓரக் கைப்பிடியை விடவே கூடாது.

ஜனவரி 12

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

முதலில் கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்றும், மருத்துவர் மாடிப்படியே ஏறக் கூடாது என்று சொல்லியிருப்பதாகவும். “நீங்கள் எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினேன், படியேறியே தீருவேன் என்கிறார்” என்றும் எழுதியிருக்கிறார். அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

2016-இல் என் அம்மாவுக்கு அறுபத்தாறு. கால் வலிக்கிறது என்று வீட்டிலேயே சொன்னாள். வின்ச்சில் போகலாமா என்று அடிவாரத்தில் ஒருமுறை கேட்கவும் செய்தாள். தாத்தா பெண் நீயே இப்படிக் கேட்கலாமா என்று நான்தான் சொன்னேன். யானைப்பாதை வழியாகவாவது போயிருக்கலாம்; அது சாய்வாக, சுற்றிக்கொண்டு போவதால் முழங்காலுக்கு அவ்வளவு சிரமம் இல்லை. அதையும் செய்யவில்லை. நேர்ப்படி. இடும்பன் சந்நிதியில் அம்மா உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். குடிக்காமல் முழங்கால்மேல் ஊற்றிக்கொண்டாள். நான் “இன்னும் கொஞ்சம்தான் அம்மா” என்றேன். பாதிக்குமேல் பாக்கி இருந்தது.

மேலே போய்ச் சேர்ந்துவிட்டாள். தரிசனம் நன்றாகவே கிடைத்தது. இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினாள். அதன்பிறகு மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப்பின் அம்மா பழனிக்கு வரவில்லை. எட்டு வருடமாகிறது.

ஆகவே ஜனவரி 6-ஆம் தேதி எழுதியதில் உங்கள் மாமியாரைப் பற்றிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எனக்குப் படிதான் பழனி. அவருக்கு மருத்துவர் சொன்னதுதான் சட்டம். இதையும் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

ஜனவரி 26

நேற்று தைப்பூசம். மலைக்குப் போகவில்லை. இரண்டு நாள் முன்னால், திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் போகிற சாலையில் பாதயாத்திரைக்காரர்களுக்கு மோர் கொடுக்கிற இடத்தில் நின்றேன். இரவு பத்து மணிக்குமேல் தூரத்தில் ஒளிரும் குச்சிகள் ஆடி ஆடி வரும். முகம் தெரியாது, வேல் பாட்டு மட்டும் கேட்கும். கிட்டே வந்தபிறகுதான் ஒவ்வொருவரும் யார் என்று தெரியும்: கல்லூரிப் பையன்கள், தூக்கத்தில் நடக்கும் பாட்டி, தோளில் குழந்தையோடு ஒரு அப்பா. ஒருவர் மோரை வாங்கிக் குடிக்காமல் பாதத்தில் ஊற்றிக்கொண்டார். எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

குன்றக்குடியிலிருந்து காவடி எடுத்து வருகிற நகரத்தார்கள் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக நடந்தே பழனிக்குப் போய், காவடி செலுத்திவிட்டு, நடந்தே திரும்புகிறார்கள். முந்நூறு, நானூறு ஆண்டுகளாகத் தொடரும் வழக்கம் இது. எடப்பாடிக்காரர்கள் தைப்பூசம் முடிந்து சில நாள் கழித்துப் பெருங்கூட்டமாக வந்து, மலைமேலேயே பஞ்சாமிர்தம் பிசைந்து, ஓரிரவு மேலேயே தங்குவார்கள். மலையில் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு மட்டும்தான்.

ஜனவரி 27

“அப்படியானால் பஸ்ஸில் வந்து படியேறுகிறவர்களும் பாதி பக்தர்கள்தானா?” என்று ஒரு வாசகி கேட்கிறார்.

நல்ல கேள்வி. நடந்து வருகிறவர் கண்ணுக்குப் பஸ்ஸில் வந்த நானும், என் கண்ணுக்கு ரோப்காரில் போகிறவரும் ஒரே மாதிரிதான். இதை நான் இதுவரை யோசித்ததில்லை. என் தாத்தாவும் பஸ்ஸில்தான் வந்தார்.

பிப்ரவரி 2

பஞ்சாமிர்தம் எங்கே வாங்குவது என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். கோவில் விற்பனை நிலையத்தில் வாங்குங்கள். அடிவாரத்தில் ஒரு கடையில் வாங்கி, வீட்டில் திறந்தபோது புளித்த வாடை வந்து அப்படியே கொட்டியிருக்கிறேன். சாமி பெயர் போட்ட டப்பாவைக் குப்பையில் போட மனமில்லாமல் கழுவி வைத்தது இன்னும் அடுக்களையில் இருக்கிறது, கடுகு போட்டு வைத்திருக்கிறேன்.

நல்ல பஞ்சாமிர்தத்தில் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சேராது. மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய். பழத்தில் இருக்கும் ஈரமே போதும். பழம் பெரும்பாலும் விருப்பாச்சி. பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இடையில் அந்தப் பெயரிலேயே ஊர் இருக்கிறது. தோலில் கரும்புள்ளி விழுந்த பிறகுதான் அதற்குச் சுவை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் ஒரு கோவில் பிரசாதத்துக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. விரலில் எடுத்தால் ஒழுகக் கூடாது. நூல்போல இழுபட்டு, கற்கண்டு பல்லில் கடிபட வேண்டும்.

பிப்ரவரி 5

“ஆண்டிக்கோலப் படத்தை வீட்டில் வைக்கலாமா?” என்பது வருடம் தவறாமல் வருகிற கேள்வி. ராஜ அலங்காரம்தான் வைக்க வேண்டும், ஆண்டிக்கோலம் வைத்தால் வீடு ஆண்டியாகிவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு இதில் கோபமே வரும். ஞானப்பழம் கிடைக்காமல் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்து நின்ற கோலம்தானே அந்த ஊருக்கே அடையாளம்? மேலே ஒரே நாளில் ஆறுகால பூஜை. காலையில் சந்நியாசி, அப்புறம் வேடர், பிறகு பாலசுப்பிரமணியர், உச்சிக்காலத்தில் வைதீகாள், சாயரட்சையில் ராஜா, இராக்காலத்தில் விருத்தர். ஆண்டியும் அரசனும் ஒரே திருமேனிதான். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து ஆண்டிக்கோலம்தான் மாட்டியிருக்கிறது. நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்.

அந்தத் திருமேனி போகர் என்ற சித்தர் நவபாஷாணத்தில், அதாவது ஒன்பது பாஷாணங்கள் சேர்ந்த கலவையில், செய்தது என்பது நம்பிக்கை. இரவில் சாத்தும் சந்தனத்தைக் காலையில் பிரசாதமாகத் தருவார்கள். இராக்காலச் சந்தனம் என்று கேட்டால் தெரியும். கிடைத்தால் விடாதீர்கள். போகர் சந்நிதியையும் மேலே பிரகாரத்தில் பார்த்துவிட்டு வாருங்கள். கூட்டத்தில் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பாலக்காட்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பவராம். “பழனியாண்டவன் மேற்கே எங்களைப் பார்த்துத்தான் நிற்கிறார்” என்று. உண்மைதான். சந்நிதி மேற்குப் பார்த்தது. சேர நாட்டுப் பக்கம். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி வழியாகப் பழனிக்கு ரயிலும் வருகிறது. படியில் நான் கேட்கிற பாட்டில் பாதி மலையாளம்.

மே 15

வெகுநாளாக இங்கே எழுதவில்லை. நேற்று அதிகாலை கிரிவலம் போய் வந்தேன்.

சித்திரைக் கடைசி ஏழு நாளும் வைகாசி முதல் ஏழு நாளும் பழனியில் கிரிவலம் விசேஷம். சித்திரைக் கழு என்பார்கள். ஊரே கொதிக்கிற நாட்களில் எதற்காக மலையைச் சுற்ற வேண்டும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். விடியலுக்கு முன் போனால் தெரியும். மலைப்பக்கத்திலிருந்து வருகிற காற்றே வேறு. கடம்பு பூக்கிற காலம் அது; உருண்டை உருண்டையாக மஞ்சள் பந்து மாதிரி இருக்கும், பெண்கள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். மலையைச் சுற்றி இரண்டரைக் கிலோமீட்டர் இருக்கும், ஒரு மணி நேரம்கூட ஆகாது.

கிரிவீதியில் இப்போது தனியார் வாகனங்களை விடுவதில்லை. ஹாரன் சத்தம் இல்லாமல் பழனியைக் கேட்டது எனக்கு இதுவே முதல்முறை. காலடிச் சத்தமும் மயில் அகவுவதும்தான். நடக்க முடியாதவர்களுக்குக் கோவிலின் பேட்டரி வண்டி ஓடுகிறது. ஒரு வண்டியில் இரண்டு வயதான பெண்கள் கைகளைக் கூப்பியபடியே ஒரு சுற்றுச் சுற்றி வந்ததைப் பார்த்தேன். வண்டி மேட்டில் குலுங்கியபோதும் கூப்பிய கையை எடுக்கவில்லை. அந்தக் கணமே, அம்மாவை அழைத்து வர வேண்டும் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து கேட்டேன். “பார்க்கலாம்” என்றாள். அம்மாவின் பார்க்கலாம் என்றால் மறுப்பு என்று அர்த்தம்.

நவம்பர் 21

நேற்று அம்மாவுடன் பழனி போய் வந்தேன். நீளமாக எழுதப் போகிறேன்.

கந்த சஷ்டி முடிந்து கூட்டம் குறைந்திருந்தது. ரோப்காரா வின்ச்சா என்று கேட்டதற்கு, அம்மா உடனே வின்ச் என்றாள். கயிற்றில் தொங்கிக்கொண்டு போக அவளுக்குப் பயம். நானும் முதல்முறையாக வின்ச்சில் ஏறினேன். மேற்குக் கிரிவீதியில் நிலையம். 1966-இலிருந்து ஓடுகிறது. ரயில் பெட்டி மாதிரிதான், ஆனால் உள்ளே இருக்கைகள் படிப்படியாக அடுக்கியிருக்கும். பெட்டிக்கு முப்பது பேருக்குமேல் உட்காரலாம். மணி அடித்ததும் அடியில் இரும்புக் கயிறு இறுகுகிற சத்தம் கேட்டது, பெட்டி ஒரு சிறு குலுக்கலோடு நகர்ந்தது. கயிறு உருளைகளின்மேல் ஓடும்போது கடகடவென்று வரிசையாக ஒரு ஓசை, நம் காலடியிலேயே. மேலே போய்ச் சேர எட்டு நிமிடம்.

அம்மா கீழ்ப்பக்கம் பார்த்த மாதிரி திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஊர் மெதுவாக இறங்கிக்கொண்டே போனது. முதலில் கடைகளின் தகரக் கூரை, அப்புறம் தென்னை, அதற்கப்புறம் வயல். பாதி வழியில் எதிரே இறங்கி வருகிற பெட்டி கடந்தது. அதில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குழந்தை அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டியது. அம்மாவும் ஆட்டினாள். அப்போதுதான் சொன்னாள்:

“உன் தாத்தா இதில்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.”

எனக்குப் புரியவில்லை. தாத்தா எப்போது வின்ச்சில் வந்தார்?

தாத்தா இறப்பதற்கு முந்தைய வருடமாம். மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. பாத விநாயகருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிவிட்டு, முதல் படியில் காலை வைத்து அப்படியே நின்றுவிட்டாராம். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, “வின்ச்சுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும்?” என்றாராம். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாராம்: “பிள்ளைகளிடம் சொல்லிவிடாதே. அவர்கள் ஏறட்டும்.”

அம்மா முப்பத்தைந்து வருடம் சொல்லவில்லை. 2016-இல் இடும்பன் சந்நிதியில் உட்கார்ந்து முழங்காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டபோதுகூடச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு. இப்போது அவர் வந்த வழியிலேயே நீயும் வந்துவிட்டாய், சொல்லலாம்” என்றாள்.

பெட்டி நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கினார்கள். நான்தான் கடைசியாக இறங்கினேன்.

நவம்பர் 21, இரவு

தரிசனம் பற்றி எழுதவே இல்லை. சாயரட்சை, ராஜ அலங்காரம். கிரீடமும் பட்டும். கையில் கைபேசி இல்லாததால் எல்லார் கையும் கூப்பித்தான் இருந்தது. அம்மா கண்ணை மூடவில்லை, இமைக்காமல் பார்த்தாள். பிறகு தங்கத்தேர் பார்த்தோம். விளக்குகள் எரிய, நாகஸ்வரத்தோடு மேல்பிரகாரத்தில் சுற்றி வந்தது.

இறங்குவதற்கு முன் அம்மா ஒரு காரியம் செய்தாள். படிப்பாதை முடிகிற இடத்துக்கு என்னை அழைத்துப்போய், கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து, கடைசிப் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கை நிறையச் சூடக் கரி. அதைத் துடைக்காமலே வின்ச்சில் இறங்கி, பஸ் ஏறி, வீட்டுக்கு வந்தாள்.

நவம்பர் 24

நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள், ஒவ்வொருவருக்கும் பதில் எழுத முடியவில்லை. “உங்கள் தாத்தா செய்தது ஏமாற்றுதானே?” என்று ஒருவர் எழுதியதற்கு மட்டும் பதில். இல்லை. அவர் எங்களிடம் படியேற முடிகிற வயதில் ஏறுங்கள் என்றார், நாங்கள்தான் அதை எல்லா வயதுக்கும் சட்டமாக்கிக்கொண்டோம். நாங்கள் என்று ஏன் எழுதுகிறேன், நான்தான்.

முதல் குறிப்பில் “படிதான் பழனி” என்று எழுதியதை அழிக்கப் போவதில்லை. ஏறுகிற சுகம் உண்மை. வியர்வை வழிய உச்சிக்குப் போய் நிற்கும்போது முகத்தில் அடிக்கிற காற்று ரோப்காரில் கிடைக்காது. ஆனால் “கணக்கில் சேராது” என்று யாரிடமும் இனிச் சொல்ல மாட்டேன். அதைச் சொன்னது தவறு.

பிப்ரவரி 20, 2025

பதினொன்றாம் தேதி தைப்பூசம், அந்தப் பக்கமே போகவில்லை. நேற்றுத்தான் போனோம். நானும் அண்ணன் மகளும் படியில், அம்மா அண்ணனோடு வின்ச்சில். இந்த முறை அண்ணன் மகளின் கணக்கு 684. இடும்பன் சந்நிதியில் உட்கார்ந்தோம். தாத்தா நின்றுவிட்ட முதல் படி எதுவாக இருக்கும் என்று அவள் கேட்டாள். இறங்கும்போது காட்டினேன். ஒரு சூடம் ஏற்றினோம்.

முதலில் கேட்டவரிடமிருந்து போன வாரம் செய்தி வந்தது. கடந்த வருடம் போகவே இல்லையாம். மாமியார் படியேறாமல் வர மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டாராம். நவம்பரில் நான் எழுதியதை வாசித்துக் காட்டியபிறகு இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, வின்ச்சுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். பங்குனி உத்திரத்துக்கு முன்னால் போகிறார்களாம்.

அப்படியானால் இவற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். உத்திரத்துக்கு ஒரு வாரம் முன்பே கொடுமுடியிலிருந்து தீர்த்தக்காவடிகள் வரத் தொடங்கிவிடும், அதற்குள் போய்விட்டு வாருங்கள். ரோப்கார் பராமரிப்புக்காக மாதம் ஒருநாளும் வருடத்துக்கு ஒருமுறை பல வாரங்களும் நிற்கும், காற்று பலமாக அடித்தாலும் நிற்கும். ஆகவே வின்ச்சையே நம்புங்கள். காலையில் சீக்கிரம் வரிசைக்குப் போங்கள். வின்ச் நிலையத்திலிருந்து சந்நிதிக்குக் கொஞ்சம் ஏற வேண்டியிருக்கும், அவசரப்படுத்தாதீர்கள். பெட்டியில் கீழ்ப்பக்கம் பார்த்த மாதிரி உட்கார வையுங்கள். ஒரு சிறிய சூடப் பொட்டலம் கையில் இருக்கட்டும், மேலே கடைசிப் படியில் அவர் கையால் ஏற்ற.